இன்குலாப் ஜிந்தாபாத்: பிறந்த கதையும் போடும் முறையும்

திருத்துறைப்பூண்டியிலிருந்து: இது பகத்சிங் உண்டாக்கிய முழக்கம்தானே தோழர்?

இல்லை தோழர். 1921-ல் உருதுக் கவிஞர் மௌலானா ஹஸ்ரத் மோகானி தந்தது. 1929 ஏப்ரல் 8-ல் டில்லி மத்திய சட்டசபையில் குண்டு வீசிய பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் இதை முழங்கிய பிறகுதான் நாடெங்கும் பரவியது. மோகானியை நாம் மறந்தது அநியாயம். 1925 கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டில் வரவேற்புக் குழுத் தலைவர் அவர். மாநாட்டுத் தலைவர் நம்ம சிங்காரவேலர்.

மன்னார்குடியிலிருந்து: சொல்லுக்குச் சொல் என்ன பொருள்?

'இன்கிலாப்' அரபுச் சொல், வேர்ப்பொருள் புரட்டுதல். நம் 'புரட்சி'யும் புரள்வதில் பிறந்ததுதான். 'ஜிந்தா' உயிரோடு, 'பாத்' இருக்கட்டும், இரண்டும் பாரசீகம். 'கி' நம் வாயில் 'கு' ஆகிவிட்டது. திருத்த வேண்டியதில்லை.

கீழ்வேளூரிலிருந்து: புரட்சி வாழ்க என்றால் ஓயாத கலவரமா?

இதையேதான் 'மாடர்ன் ரிவ்யூ' ஆசிரியர் ராமானந்த சட்டர்ஜி 1929-ல் கேட்டார். உண்ணாவிரதத்தில் இறந்த ஜதீன் தாஸுக்கு வாழ்க சொன்னால் அவர் உடல் வாழ்வதையா சொல்கிறோம், அவர் லட்சியத்தை அல்லவா என்று பகத்சிங் பதில் எழுதினார்.

நாகையிலிருந்து: ஊர்வலத்தில் முழக்கம் குழம்புது அண்ணே, ஏன்?

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். வண்டியில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து 100 மீட்டர் பின்னால் வருபவர் காதில் 0.3 நொடி தாமதமாக விழும். அவர் பதிலுக்குச் சொல்லும் 'ஜிந்தாபாத்' முன்னுக்கு வந்து சேர இன்னொரு 0.3. அதற்குள் அடுத்த முழக்கத்தைத் தொடங்கினால் இரண்டும் மோதும். 'ஜிந்தாபாத்' அடங்கியதும் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். 'இன்குலாப்' சொல்லும்போது 'லா'வை நீட்டி, 'ப்'பில் வெட்டி நிறுத்துங்கள். அந்த வெட்டுதான் கூட்டத்துக்குச் சைகை. 'இன்குலா...' என்று இழுத்துக் கரைத்தால் பாதிப் பேர் முந்துவார்கள், பாதிப் பேர் பிந்துவார்கள். இன்னொரு தப்பு, மைக் பிடித்தவரே 'ஜிந்தாபாத்'தையும் சேர்த்துச் சொல்வது. பத்தே நிமிஷத்தில் கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். அந்தப் பாதி கூட்டத்துடையது. கூட்டம் ரொம்ப நீளம் என்றால் இரண்டு அணியாகப் பிரித்து, நடுவில் நல்ல இடைவெளி விட்டு, ஆளுக்கொரு முழக்கக்காரரை நிறுத்துங்கள்.

கும்பகோணத்திலிருந்து: 'அடித்தால் திருப்பி அடி'யும் வடக்கிலிருந்து வந்ததா?

அது நம்ம வயக்காட்டுச் சரக்கு. 1940-களில் கம்யூனிஸ்ட் விவசாயத் தலைவர் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைப் பண்ணையாட்களிடம் சொன்னது. சவுக்கடி, சாணிப்பால் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் தண்டனை) இரண்டுக்கும் எதிராக எழுந்தது. இரண்டையும் நிறுத்த மிராசுதார்கள் ஒப்புக்கொண்டது 1944-ல், உங்களுக்குப் பக்கத்து மன்னார்குடியில் போட்ட ஒப்பந்தத்தில்.