பழைய ஆன்டிவைரஸ் ‘வைரஸ் இல்லை’ என்றால் நம்பலாமா?

கேள்வி: பரணில் கிடந்த டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. அதன் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் 1991-ஆம் வருடத்து ஆன்டிவைரஸை ஓட்டிப் பார்த்தேன். ‘வைரஸ் எதுவும் இல்லை’ என்கிறது. நம்பி என் பழைய ஃபிளாப்பிகளை அதில் போடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த மென்பொருள் பொய் சொல்லாது, ஆனால் ஏமாந்துபோயிருக்கலாம்.

1986-இல் லாகூரைச் சேர்ந்த ஆல்வி சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’, ஃபிளாப்பியின் பூட் செக்டரில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போது முதலில் படித்து இயக்கும் பகுதியில், உட்கார்ந்துகொள்ளும். யாராவது அந்த செக்டரைப் படிக்க வந்தால், வேறிடத்தில் பத்திரப்படுத்திய அசலை எடுத்து நீட்டும். நினைவகத்தில் வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஆன்டிவைரஸ் பார்ப்பது அது காட்டுவதைத்தான்.

இதைவிட மோசமானது 1989-இல் பல்கேரியாவிலிருந்து கிளம்பிய ‘டார்க் அவெஞ்சர்’. அது நினைவகத்தில் இருக்கும்போது ஒரு புரோகிராம் ஃபைலை இயக்க வேண்டும் என்றில்லை, திறந்தாலே போதும், அந்த ஃபைலில் தொற்றிவிடும். ஆன்டிவைரஸின் வேலையே ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்ப்பதுதானே! சோதனை முடியும்போது டிஸ்க் முழுக்கப் பரவியிருக்கும்.

அதனால்தான் அந்தக் காலத்தில் சுத்தமான ஃபிளாப்பியிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்த (தொடங்கிய) பிறகே சோதிப்பார்கள். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் விசைகளை அழுத்தி மறுபடி தொடங்குவது போதாது, அதை அழுத்தும் நேரம் பார்த்துப் பரவும் வைரஸும் இருந்தது. சுவிட்சையே அணைக்க வேண்டும்.

அப்புறம், எழுத்துத் தடை, அதாவது ஃபிளாப்பியில் எதையும் எழுதவிடாமல் தடுப்பது. மூன்றரை அங்குல ஃபிளாப்பியில் ஓட்டை திறந்திருந்தால் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குலத்தில் ஓரத்து வெட்டை ஸ்டிக்கரால் மூடினால்தான் எழுத முடியாது. ஒன்றுக்கொன்று நேரெதிர், நானே பலமுறை மாற்றிச் செய்திருக்கிறேன். இந்தத் தடை டிரைவின் மின்சுற்றிலேயே இருப்பதால் வைரஸால் தாண்ட முடியாது.

இவ்வளவு செய்தாலும் உங்கள் ஆன்டிவைரஸுக்குத் தெரிந்தவை அதன் பட்டியலில் உள்ள வைரஸ்களின் பைட் வரிசைகள் மட்டுமே. பின்னால் வந்தவை தெரியாது.

என் யோசனை: தடை போட்ட ஃபிளாப்பிகளை இன்றைய கம்ப்யூட்டரில் படித்து, முழு இமேஜாக (ஃபிளாப்பியின் அச்சு அசல் நகலாக) எடுத்து, இன்றைய ஆன்டிவைரஸால் சோதியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் ஃபிளாப்பியைப் படிப்பதால் மட்டும் பூட் செக்டர் வைரஸ் இயங்காது. பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது மட்டும் ஏ டிரைவில் (ஃபிளாப்பி டிரைவில்) எதையும் விட்டுவைக்காதீர்கள். வெறும் கடிதங்கள் உள்ள ஃபிளாப்பி என்றாலும் சரி. ‘சிஸ்டம் டிஸ்க் இல்லை’ என்ற செய்தி திரையில் வரும்போது பூட் செக்டர் ஏற்கெனவே இயங்கி முடிந்திருக்கும்.