வெளியுறவு ஆய்வு எதற்கு? – கடிதம்

வணக்கம் ஐயா,

சர்வதேச உறவுகள் துறையில் முதுகலை முடித்திருக்கிறேன். முனைவர் பட்டத்துக்குச் சேரலாமா என்று யோசனை. இரண்டு ஆண்டுகள் கட்டுரை கட்டுரையாகப் படித்ததில் மிஞ்சியது சலிப்புதான். சோவியத் யூனியன் உடையப்போகிறது என்பதை இந்தத் துறையின் பெரிய தலைகள் முன்கூட்டிச் சொல்லவில்லை. பேச்சுவார்த்தையோ மூடிய அறைக்குள் நடக்கிறது. வெளியே உட்கார்ந்து எழுதும் பேராசிரியருக்கு அதில் என்ன தெரிந்துவிடும்? 'ஐ.நா. பாதுகாப்பு சபைச் சீர்திருத்தம்' என்ற தலைப்பை எடுக்கலாம் என்றிருக்கிறேன். இது உருப்படியான வேலைதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சோவியத் விஷயத்தில் துறை பலமாக அடிவாங்கியது உண்மை. மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஆரூடம் சொல்வதுதான் இந்த ஆய்வாளர்களின் வேலை என்று வைத்துக்கொண்டால்தான் அது தீராத அவமானம். அரசுகள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையைச் சரிபார்ப்பதே இவர்களின் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன். மூடிய அறை என்கிறீர்களே, அப்படி ஓர் அறையையே பார்ப்போம்.

1962 அக்டோபர். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை அமெரிக்க உளவு விமானம் படம்பிடித்துவிட்டது. உலகம் அணுஆயுதப் போரின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. வெளியே சொல்லப்பட்ட கதை எளிமையானது: அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி அசையாமல் நின்றார், சோவியத் தலைவர் குருஷ்சேவ் பின்வாங்கினார். 'விட்டுக்கொடுக்காமல் நின்றால் எதிரி இறங்கிவருவான்' என்று ஒரு தலைமுறையே இதிலிருந்து பாடம் கற்றது, வகுப்பறையிலும் சரி, அரசாங்கத்திலும் சரி.

உண்மையில் நடந்தது வேறு. அக்டோபர் 27 சனிக்கிழமை மாலை, அதிபரின் தம்பியும் அட்டர்னி ஜெனரலுமான ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினை நீதி அமைச்சகத்தில் இருந்த தன் அலுவலகத்துக்கு வரவழைத்தார். துருக்கியில் நிறுத்தியிருக்கும் அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகளைச் சில மாதங்களில் எடுத்துவிடுகிறோம், ஆனால் இது வெளியே தெரியக்கூடாது என்றார். வாஷிங்டனில் இது தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். குருஷ்சேவ் அந்த வாக்குறுதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்பியபோது ராபர்ட் கென்னடி அதை டோப்ரினினிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்படி ஒரு காகிதம் என்றைக்காவது வெளிவந்தால் தன் அரசியல் எதிர்காலம் போய்விடும் என்று அவர் சொன்னதாக டோப்ரினின் மாஸ்கோவுக்குத் தந்தி அடித்தார். 1963 ஏப்ரலில் ஜூபிடர்கள் சத்தமில்லாமல் அகற்றப்பட்டன.

ராபர்ட் கென்னடியின் நினைவுக்குறிப்பு அவர் இறந்த பிறகு, 1969-ல் வெளிவந்தது. அதில் இந்தப் பேரம் இப்படி வெளிப்படையாக இல்லை. 1989-ல் மாஸ்கோவில் ஆய்வாளர்களும் அன்றைய அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பழைய கணக்கைப் புரட்டினார்கள். டோப்ரினின் பேரத்தைப் பற்றிப் பேசினார். அந்த நினைவுக்குறிப்பைப் பதிப்பித்த, ஜான் கென்னடியின் ஆலோசகராக இருந்த சோரன்சன், மூல நாட்குறிப்பில் அது தெளிவாகவே இருந்தது, நான்தான் நீக்கினேன் என்று ஒப்புக்கொண்டார். பின்னர் வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களும் வெளியாயின. துருக்கி ஏவுகணைகளைக் கொடுத்து முடித்துக்கொள்வது நியாயமான பேரமாகத்தான் உலகத்துக்குத் தெரியும் என்று அதே சனிக்கிழமை ஜான் கென்னடி வாதாடுவதை அவற்றில் கேட்கலாம். இருபத்தாறு ஆண்டுகள் ஒரு பொய்ப் பாடம் ஓடியிருக்கிறது. அதை எந்த அரசும் தானாக முன்வந்து திருத்தவில்லை. விடாமல் கேள்வி கேட்ட ஆய்வாளர்கள்தான் அந்த மேசைக்கு ஆட்களை வரவழைத்தார்கள்.

ஆவணம் திறக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்க அரசியல் அறிஞர் கிரஹாம் அலிசன் 1971-லேயே இதே நெருக்கடியைப் பற்றி எழுதிவிட்டார். ரகசியமாக ஏவுகணை கொண்டுபோனவர்கள் தளங்களை ஏன் மறைக்கவில்லை? சோவியத் மண்ணில் கட்டும் அதே அமைப்பில் கியூபாவிலும் ஏன் கட்டினார்கள்? கிரெம்ளினின் சதுரங்க மூளை என்றெல்லாம் யோசித்தால் விடை வராது. தளம் கட்டும் படைப்பிரிவுக்கு ஒரு வழக்கம் உண்டு, அது அந்த வழக்கப்படி கட்டியது, அவ்வளவுதான் என்றார் அலிசன். ஓர் அரசு 'முடிவெடுத்தது' என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தளங்கள்தான் ஞாபகம் வரும்.

உங்கள் சலிப்பில் நான் உடன்படும் இடமும் உண்டு. அரைப்பக்கத்தில் சொல்லக்கூடியதை நாற்பது பக்கம் இழுத்து, அதற்கு ஒரு கோட்பாட்டின் பெயரை ஒட்டுவது இந்தத் துறையின் வியாதி. அதைவிடப் பெரிய குறை, யார் ஆவணங்களைத் திறக்கிறார்களோ அவர்களே வரலாற்றின் நாயகர்கள் ஆகிவிடுவது. ஏவுகணை நின்றது கியூபாவில். உடன்பாட்டின்போது கியூபத் தலைவர் காஸ்ட்ரோவை யாரும் கேட்கவில்லை. அவரைச் சமாதானப்படுத்த சோவியத் துணைப் பிரதமர் மிக்கோயான் நவம்பரில் ஹவானாவுக்கு ஓடவேண்டியிருந்தது. அப்படியிருந்தும் பல ஆண்டுகளுக்கு ஆய்வுகள் வாஷிங்டனையும் மாஸ்கோவையும் மட்டுமே பார்த்தன. 1992-ல் ஹவானாவில் இதேபோல் ஆய்வாளர்களும் பழைய அதிகாரிகளும் கூடியபோதுதான், குறுகிய தூர அணுஆயுதங்களும் அப்போது தீவில் இருந்தன என்பது பகிரங்கமாகச் சொல்லப்பட்டது. கியூபாவின் மேல் படையெடுக்கச் சொன்ன அமெரிக்கத் தளபதிகளுக்கு அது தெரியாது.

இனி உங்கள் தலைப்பு. 'சீர்திருத்தம்' என்று பொதுவாக எடுத்தால் ஐந்து ஆண்டு கழித்து, ஏற்கெனவே இருக்கும் நூறு ஆய்வேடுகளோடு நூற்றி ஒன்றாகச் சேரும். சின்னதாக எடுங்கள். பாதுகாப்பு சபை இதுவரை ஒரே ஒரு முறைதான் விரிவாக்கப்பட்டிருக்கிறது. 1963 டிசம்பரில் பொதுச்சபை, உறுப்பினர் எண்ணிக்கையை 11-லிருந்து 15 ஆக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. புதிதாக விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் அதற்குப் பின்னால் நின்றன. பிரான்ஸும் சோவியத் யூனியனும் எதிர்த்து வாக்களித்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஆதரித்தது, தைவான் அரசின் கையில் அப்போதிருந்த சீன இடம் மட்டுமே. ஐ.நா. சாசனத்தைத் திருத்த ஐவரின் ஒப்புதலும் கட்டாயம். ஒருவர் மறுத்திருந்தாலும் தீர்மானம் செத்திருக்கும். ஆனால் 1965 ஆகஸ்டுக்குள் ஐவரும் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள், திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

அந்த இருபது மாதங்களில் ஒவ்வொரு தலைநகரிலும் யார் யாரிடம் என்ன பேசி மனம் மாறினார்கள்? லண்டன், வாஷிங்டன் ஆவணங்களை இப்போது பார்க்க முடியும். பிரெஞ்சு படிக்கக் கற்றுக்கொண்டால் பாரிஸையும் சேர்த்துக்கொள்ளலாம். அதோடு தீர்மானத்தைக் கொண்டுவந்த நாடுகளின் பக்கத்தையும் தேடுங்கள், அதைத்தான் முதலில் தேடச் சொல்வேன். முன்வரைவு எழுதியதும் அனுப்புங்கள், படிக்கிறேன்.