நிறுத்திய இதயத்தின் தசையைக் காப்பது: கேள்வி பதில்

சுன்னாகத்திலிருந்து: அப்பாவுக்கு அடுத்த மாதம் பைபாஸ். இதயத்தை நிப்பாட்டித்தான் செய்வினமாம். தசை செத்துப்போகாதோ, ஐயா?

பயம் நியாயமானது, தம்பி. பெருநாடியில் கிளாம்ப் (இறுக்கும் கவ்வி) போட்டதும், இதயத் தசைக்கே குருதி கொடுக்கும் முடியுரு நாடிகளுக்குக் குருதி போகாது. அப்போது இதயம் துடித்துக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. வேலை செய்யும் இதயத்தில் 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர் ஒட்சிசன் வேண்டும். நிறுத்திவிட்டால், உடல் வெப்பநிலையிலேயே, கிட்டத்தட்ட 1 மில்லிலீற்றர் போதும். குளிர வைத்தால் இன்னும் குறையும். நிறுத்துவதுதான் பெரிய காப்பு, குளிர் அதற்குத் துணை.

பருத்தித்துறை, தாதிய மாணவி: இதயத்தை நிப்பாட்ட விடுற கரைசலில் என்ன இருக்கு, எவ்வளவு விடுறது?

சென் தோமஸ் இரண்டாம் கரைசலில் லீற்றருக்குப் பொற்றாசியம் 16, மகனீசியம் 16, கல்சியம் 1.2 மில்லிமோல். பொற்றாசியம் கூடினால் தசைக்கலம் அடுத்த துடிப்புக்குத் தயாராக முடியாமல் தளர்ந்தபடி நின்றுவிடும். அளவு மீறினால் அதுவே நஞ்சு: 1955இல் மெல்ரோஸ் பயன்படுத்திய செறிவான பொற்றாசியம் சித்திரேற்று தசையைக் கெடுத்தது. 4 பாகைக் குளிரில், கிலோவுக்கு 15 மில்லிலீற்றர் என்றால் 60 கிலோ ஆளுக்கு 900. பிறகு 20 நிமிடத்துக்கு ஒருக்கால், குறைந்த அளவில். ஈ.சி.ஜி. கோடு நேராகவில்லையா? கிளாம்ப் வடிவாகப் பிடித்ததா, குழாய் மடிந்ததா, வால்வு ஒழுகுகிறதா என்று உடனே பாருங்கோ.

சாவகச்சேரி: பெருநாடி வால்வு ஒழுகினால் ஏன் இவ்வளவு வில்லங்கம்?

பெருநாடியின் வேரில் விடும் கரைசல் முடியுரு நாடிகளுக்குள் போகாமல் இடது இதயவறைக்குள் இறங்கும். அறை ஊதும், சுவரின் உட்பக்கத் தசை நசியும். தொட்டாலே தெரியும்: மெத்தென்று இருக்கவேண்டியது பந்து மாதிரி இறுகியிருக்கும். உடனே நிறுத்தி, அறையை வடியவிட்டு, பெருநாடியைத் திறந்து முடியுரு வாய்களில் நேரே விடவேண்டும். அல்லது முடியுருக் குடா (இதயத் தசையிலிருந்து குருதி திரும்பும் பெரிய நாளம்) வழியாகப் பின்னோக்கி. அங்கே அமுக்கம் 40 மி.மீ. இரசத்தைத் தாண்டக்கூடாது, குடா கிழியும். கதீற்றர் (விடும் குழாய்) ஆழமாகப் போனால் வலப்பக்க நாளங்கள் தவறும். சரியாக வைத்தாலும் வலது இதயவறைக்குக் குறைவாகத்தான் போகும். அதனால் வலது முடியுரு வாயிலும் ஒரு தடவை விடுவது நல்லது. எந்தக் கரைசல் என்பதைவிட, எல்லா இடமும் போய்ச் சேர்ந்ததா என்பதே என் முதல் கேள்வி.

கொடிகாமம்: இதயத்துக்கு மேலே ஐஸ் போடலாமோ?

போடலாம், ஆனால் அளவாக. இடப்பக்கம் ஓடும் பிரெனிக் நரம்பு குளிரில் மரத்தால், மூச்சுக்கு உதவும் பிரிமென்தகடு அசையாது. பிறகு வென்டிலேற்றரிலிருந்து எடுப்பது கஷ்டம்.

நல்லூர்: கிளாம்ப் எடுத்த பிறகு ஈ.சி.ஜி.யில் எஸ்.ரி. பகுதி ஏறினால்?

பெரும்பாலும் காற்றுக் குமிழி. மல்லாந்து கிடப்பவரில் வலது முடியுரு வாய் மேலே இருப்பதால் காற்று அதற்குள்தான் போகும். இதய-நுரையீரல் பம்பை நிறுத்தாமல், அமுக்கத்தைக் கூட்டி, கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கோ. இறங்காவிட்டால் பைபாஸுக்கு ஒட்டிய நாளம் மடிந்திருக்கிறதா என்று தேடவேண்டும்.