அம்மா இறந்ததற்கு அழுதால் விசுவாசக் குறைவா?

அம்மா போய் 2 மாதம் ஆகியும் அழுகை நிற்கவில்லை, ‘விசுவாசி அழலாமா?’ என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக அழுங்கள். பெத்தானியா என்ற ஊரில் இயேசுவின் நண்பன் லாசரு இறந்து, அவனைக் கல்லறையில் வைத்து 4 நாள் ஆகியிருந்தது. சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). இதற்கு மேல் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

அப்போஸ்தலர் பவுலும் தெசலோனிக்கே ஊர் விசுவாசிகளிடம் துக்கப்படவே கூடாது என்று சொல்லவில்லை. நம்பிக்கையில்லாதவர்களைப் போலத் துக்கப்பட வேண்டாம் என்றுதான் எழுதினார். இறந்தவர்களை அவர் ‘நித்திரையடைந்தவர்கள்’ என்கிறார். தூங்குகிறவர் எழுந்திருப்பார், கிறிஸ்து எழுந்ததால் அம்மாவும் எழுவார். நம் நம்பிக்கை அதுதான்.

என் அப்பாவின் மூக்குக்கண்ணாடி இன்னும் அவருடைய வேதாகமத்துக்குள் இருக்கிறது. கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று அவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது இப்போதும் அழுவேன். அப்புறம் ஜெபிப்பேன்.