போர்ச் செய்தியை நம்பிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: மேற்கு ஆசியாவில் பதற்றம் கூடினால் கச்சா எண்ணெய் விலை ஏறும் என்று என் மைத்துனர் சொன்னதை நம்பி, 14% வட்டியில் தனிநபர் கடன் வாங்கி எண்ணெய் முன்பேர ஃபண்டில் (எண்ணெயைப் பின்னொரு மாதத்தில் பெறும் ஒப்பந்தங்களில் முதலிடும் நிதியில்) போட்டேன். இதுவரை மூன்று கடன்கள்; மொத்தம் என் ஓராண்டுச் சம்பளம். முதலீடோ இறங்கிக் கிடக்கிறது. “வளைகுடா எண்ணெய்க் கப்பல்கள் கடக்கும் ஹோர்முஸ் நீரிணை அடைபட்டால் 1973 திரும்பும், வீட்டை அடகு வையுங்கள்” என்கிறார். வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆண்டில் ஏறத்தாழ 50 நாள் சம்பளம் வட்டிக்கே போகிறது. இந்த நிலையில் நான்காவது கடன் எதற்கு?

மைத்துனர் சொல்வது முழுப் பொய்யல்ல. 1973இல் அரபு நாடுகள் உற்பத்தியைக் குறைத்தன. பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலர் அருகே ஏறி, அங்கேயே நின்றது. விற்பவர்களே கூடி விலையை நிர்ணயித்ததால் அது நடந்தது. போர் மட்டும் அதைச் செய்துவிடாது. 2019இல் சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்டு, அந்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய பாதி நின்றது. ஒரே நாளில் விலை 15% அளவுக்குத் துள்ளியது, இரண்டு வாரங்களில் பழைய இடத்திற்கே வந்தது. 1991 ஜனவரியில் ஈராக் மீது குண்டுவீச்சு தொடங்கியதும் விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது! உக்ரைன் போர் தொடங்கியபின் 2022 மார்ச்சில் 139 டாலரைத் தொட்ட பிரென்ட் (உலக விலைக்கு அளவுகோலான கச்சா எண்ணெய்), ஆண்டு முடிவில் 90க்கும் கீழே. மேற்கு நாடுகள் ஒதுக்கிய ரஷ்ய எண்ணெயை இந்தியாவும் சீனாவும் தள்ளுபடியில் வாங்கிக்கொண்டன. சரக்கு மறையவில்லை, கப்பல்தான் திசை மாறியது. செய்தி உங்களுக்கு வரும்போது விலை அதை ஏற்கெனவே விழுங்கியிருக்கும்.

இந்த ஃபண்டுகள் மீதும் எனக்கு நல்லெண்ணம் இல்லை. ஒப்பந்தம் முடியுமுன் அதை விற்று அடுத்த மாதத்ததை ஃபண்ட் வாங்கியாக வேண்டும். இந்த மாத ஒப்பந்தம் 80 டாலர், அடுத்த மாதத்தது 81 என்று நிற்கும் காலங்களில், இப்படி மாற்றி மாற்றி வாங்குவதிலேயே ஆண்டுக்குச் சுமார் 15% கரையும். கடன் வட்டியையும் சேர்த்தால், எண்ணெய் ஆண்டில் சுமார் 30% ஏறினால்தான் உங்களுக்குப் போட்ட பணமாவது மிஞ்சும். விளம்பரத்தில் இந்தக் கணக்கு வராது.

ஃபண்டை விற்று, வரும் பணத்தில் மூன்று கடன்களில் மிகச் சிறியதை முழுதாக அடைத்துவிடுங்கள். விடுபடும் தவணையை அடுத்த கடனில் சேர்த்துக் கட்டுங்கள். முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணத்தை முதலில் வங்கியில் கேளுங்கள். இரண்டு மாத வட்டிக்குள் இருந்தால் தயங்க வேண்டாம். மைத்துனரிடம் வீட்டுப் பத்திரம் பற்றிய பேச்சையே எடுக்காதீர்கள்.