சின்ன வயரிங் வேலைதான் பாக்கி

இந்த வாரம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் வாரம். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபோது கராஜின் மூலையில் கிடந்ததற்கெல்லாம் விலை வந்தது. அப்போது ஆசைப்பட்டு வாங்கியவர்கள் இப்போது எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கிண்ணியாவில் ஒரு பழைய எம்ஜி மிட்ஜெட் விலைக்கு வந்திருக்கிறது. என்ஜின் திறம், சின்ன வயரிங் வேலைதான் பாக்கி என்கிறார் உரிமையாளர். வாங்கலாமா?

சின்ன வேலை என்றால் அதைச் செய்துவிட்டு விலையைக் கூட்டியிருப்பாரே.

என்னுடையது 1965 எம்ஜிபி. இரவில் பிரேக்கை மிதித்தால் பின் இண்டிகேட்டர் நின்றுவிடுகிறது. லைட்டும் மங்கல். ஒரு வருடத்தில் இரண்டு தரம் பற்றரி மாற்றினேன், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் புதிது. இப்போது வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். — நிலாவெளி

எம்ஜிபியில் இரண்டு தரம் என்றால் நான்கு பற்றரி. சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட்டில் இரண்டு இருக்குமே. விற்றவர் உங்களை மறக்கமாட்டார்.

ஐயா, இது அனேகமாக எர்த் பிழை. பல்புக்குப் போன மின்சாரம் வண்டியின் உடம்பு வழியாகத்தான் பற்றரிக்குத் திரும்ப வேண்டும். லைட் அந்த உடம்போடு பூட்டியிருக்கும் இடத்தில் துரு இருந்தால் மின்சாரம் பக்கத்துப் பல்புக்குள் புகுந்து வழி தேடும். அதனால்தான் ஒன்றைப் போட இன்னொன்று அணைகிறது. உங்கள் வீட்டுக் கேட்டின் பிணைச்சலைக் கடற்காற்று என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். லைட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஸ்க்ரூவுக்கும் அதே கதிதான்.

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். லைட்டைப் போட்டுவிட்டு ஒரு முனையைப் பல்பு ஹோல்டரின் உலோகத்திலும், மற்றதைப் பற்றரியின் எர்த் முனையிலும், அதாவது வண்டியின் உடம்போடு பூட்டிய முனையிலும், வையுங்கள். உங்கள் வண்டி வந்த காலத்தில் பிளஸ்தான் எர்த், பழக்கதோஷத்தில் மைனஸில் வைத்துவிடாதீர்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கள்ளன் அந்த வழியில்தான் இருக்கிறான். கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பூட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள். வயரிங் முழுவதையும் மாற்றினாலும் அந்தத் துருப்பிடித்த ஸ்க்ரூவில்தானே திரும்பவும் பூட்டுவார்கள்?

இங்கே கொஞ்சம் புலம்ப வேண்டும். மீட்டரைத் தொடாமலே 'பற்றரி போயிட்டுது, ரெகுலேட்டர் போயிட்டுது' என்று சொல்கிறவர்களை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் பழுது பார்ப்பதில்லை, உங்கள் காசில் ஊகித்துப் பார்க்கிறார்கள். ஊகம் பிழைத்தால் பொருளைத் திருப்பி எடுப்பார்களா? எடுக்கமாட்டார்கள். ஒரு மணி நேரம் தேடியதற்குக் கூலி கேட்டால் நாமும் முகம் சுளிக்கிறோம், புதுப் பெட்டியைக் காட்டினால் மட்டும் பேசாமல் காசை எண்ணிக் கொடுக்கிறோம். அதனால் அவர்களும் பெட்டியைத்தான் காட்டுகிறார்கள்.

நானும் கொடுத்தவன்தான். என்னிடமும் ஒரு மிட்ஜெட் இருந்தது. ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்று புதுப் பற்றரி வாங்கினேன், அப்புறம் புது ஸ்டார்ட்டர். ஒருநாள் சாவியைத் திருப்ப, சோக் கேபிளிலிருந்து புகை கிளம்பியது. என்ஜினை இறக்கி ஏற்றியவர்கள், என்ஜினை வண்டியின் உடம்போடு இணைக்கும் எர்த் பட்டியைப் பூட்ட மறந்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டருக்கான மின்சாரம் முழுவதும் அந்த மெல்லிய கம்பி வழியாகத் திரும்பியிருக்கிறது. பட்டியின் விலை ஒரு பிளேன் டீயும் இரண்டு வடையும். ஒரு பழுதும் இல்லாத அந்தப் பழைய ஸ்டார்ட்டர் இன்றைக்கும் என் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

பியூஸ் அடிக்கடி எரிந்தது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றினேன், இப்போது எரிவதில்லை. ஆனால் டாஷ்போர்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் வாசம் வருகிறது. எந்த வயர் வாங்குவது? — சீனக்குடா

முதலில் தீயணைப்பான் வாங்குங்கள், தம்பி. பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும். எரியத் தொடங்கிவிட்டது என்று உங்கள் மூக்கே சொல்லியிருக்கிறது. இன்றைக்கே பற்றரியைக் கழற்றி வையுங்கள்.

இனிமேல் பியூஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிரித்தானியக் கார்களுக்கு மின்சாமான் செய்த லூக்காஸ் கம்பனியின் பழைய கண்ணாடி பியூஸில் 35 என்று இருந்தால் அது எரிந்து அறும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர்தான். இப்போது கடையில் கிடைக்கும் வேறு வகைகளில் 35 என்பது தொடர்ந்து தாங்கும் அளவு. இலக்கம் ஒன்றுதானே என்று வாங்கினால் வெள்ளித்தாளுக்குப் பக்கத்தில் போய் நிற்பீர்கள்.

காலமான அப்பாவின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், அறுபதுகளில் வந்தது. என்ஜின் மெல்ல ஓடும்போது டாஷ்போர்டில் சிவப்பு லைட் மினுக்குகிறது என்று கராஜுக்குக் கொடுத்தேன். டைனமோ புதிது என்று பெரிய தொகை வாங்கினார்கள். லைட் இன்னும் மினுக்குகிறது. பெயின்டைச் சுரண்டினால் உள்ளே பழைய டைனமோ. பில் தரவில்லை. — உவர்மலை

தங்கச்சி, உங்களை இரண்டு தரம் ஏமாற்றியிருக்கிறார்கள். டைனமோ உள்ள வண்டியில் என்ஜின் மெல்ல ஓடும்போது அந்த லைட் மினுக்குவது வழக்கம். அந்த வேகத்தில் டைனமோவால் சார்ஜ் செய்ய முடியாது. அக்சிலரேட்டரை மிதிக்க அணைந்தால் சரி. அதாவது, இல்லாத பழுதுக்கு மாற்றாத சாமானை விற்றிருக்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்; அவர் இல்லை என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

டைனமோவைக் கழற்றவேண்டாம், சுரண்டிய இடத்தைப் படம் எடுங்கள். கராஜுக்குத் துணைக்கு ஒருவரோடு போய்ப் பில் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டப்படி, வாங்கியவர் கேட்டால், சாமானை விற்றவர் பற்றுச்சீட்டு தந்தே ஆகவேண்டும். மறுத்தால் அதிகாரசபைக்கு 1977க்கு அழையுங்கள், முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள். கொடுத்த காசுக்கு வங்கிப் பதிவோ வாட்ஸ்அப் பேச்சோ இருந்தால் அழித்துவிடாதீர்கள். மற்றவர்களுக்கும்தான்: கழற்றிய பழைய சாமானைக் கையில் தராத கராஜுக்கு முழுக்காசு கொடுக்காதீர்கள்.

மஸ்டா எம்எக்ஸ்-5, முதல் மாடல். பின் டிக்கியில் இருக்கும் பற்றரிக்குப் பதிலாக விலை குறைந்த சாதாரணப் பற்றரி போட்டேன். டிக்கியில் புளித்த வாசம். — லிங்கநகர்

அது அமிலம். மிச்சம்பிடித்த காசைவிடத் துருவுக்கு அதிகம் செலவாகும். மூடிய வகைப் பற்றரியை வாங்கி, வாயு வெளியேறும் குழாயையும் பூட்டுங்கள்.

மாரி தொடங்கினால் காலையில் ஸ்டார்ட் ஆகாது, வெயில் ஏறினால் ஆகும். பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் வாங்கவா? — மூதூர்

இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். இரவில் திறந்த வெளியில் நிறுத்தி, சுற்றியுள்ள விளக்குகளை அணைத்து, பொனட்டைத் திறந்து என்ஜினை ஓடவிடுங்கள். பிளக் வயர்கள்மீதும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிமீதும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். நீலப் பொறி எங்கே ஓடுகிறதோ அதை மட்டும் மாற்றினால் போதும். கை வைத்துப் பார்க்கவேண்டாம். நான் வைத்திருக்கிறேன்.