சண்டையைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?

போன வாரம் களுவாஞ்சிக்குடியில் வழிகாட்டல் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நீங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். "சேர், நாங்க பட்ட சண்டை காணாதா? இவள் அதையே எடுத்துப் படிக்கப் போறாளாம்" என்றீர்கள். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு, வர்த்தகம் எடுக்கலாம், ஆனால் பிள்ளை கலைப்பிரிவுதான் என்று நிற்கிறாள். அவளுக்கு அரசியல் விஞ்ஞானமும் வரலாறும் வேண்டுமாம், பிறகு சர்வதேச உறவுகளாம். அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் எழும்பிவிட்டீர்கள். மீதியை இதில் எழுதுகிறேன்.

முதலில் பிள்ளையின் பக்கம். ஏன் இந்த ஆசை வந்தது என்று நான் கேட்டபோது அவள் தகப்பன் வேலை செய்யும் கட்டாரைச் சொன்னாள். 2025 ஜூன் 23 இரவு ஈரான் அங்குள்ள அமெரிக்க விமானத் தளத்தை நோக்கி ஏவுகணை விட்டது, கட்டார் வான்வழியை மூடியது, அப்பாவின் போன் வேலை செய்யவில்லை, விடியும்வரை நீங்கள் இருவரும் முற்றத்தில் இருந்தீர்கள். "ஏன் அது அங்கயே நிண்டுச்சு, ஏன் பெரிசாகல்ல?" என்பதுதான் அவள் என்னிடம் கேட்ட கேள்வி. அம்மா, பதினாறு வயதில் இந்தக் கேள்வி வரும் பிள்ளைகளை நான் அதிகம் காணவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஈரான் அடிக்கப்போவதை முன்கூட்டியே தெரியப்படுத்தியது. தளத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே விலக்கப்பட்டிருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை, முன்னறிவித்ததற்கு அமெரிக்க ஜனாதிபதியே பகிரங்கமாக நன்றி சொன்னார். அடுத்த நாள் போர்நிறுத்தம். அடித்ததாகவும் இருக்க வேண்டும், அடுத்த அடிக்கு மற்றவனைத் தள்ளாமலும் இருக்க வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். எப்போதும் இப்படி அமையாது. அமையாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம், கல்லடிக் கடற்கரையில் நின்றாலே போதும்.

அந்தக் கரைக்கு அப்பால், ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் ஹேர்மஸ் கிடக்கிறது. பிரித்தானியாவின் விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன, 307 பேர் அதோடு போனார்கள். சுழியோடிகள் இன்றைக்கும் அதைப் பார்க்க வருகிறார்கள். ஜப்பானுக்கு மட்டக்களப்போடு என்ன கோபம்? ஒன்றுமில்லை. அந்தக் கதையைப் பின்னால் இருந்து அவிழ்த்துப் பாருங்கள். ஜப்பான் 1937 முதல் சீனாவோடு பெரும் போரில் மாட்டியிருந்தது. 1941 ஜூலையில் இந்தோசீனாவின் தென்பகுதிக்குள்ளும் படையை இறக்கியது. அமெரிக்கா பதிலுக்கு ஜப்பானின் சொத்துகளை முடக்க, எண்ணெய் நின்றுபோனது. ஜப்பான் பாவித்த எண்ணெயில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. போரைத் தடுக்கத்தான் அமெரிக்கா அந்தப் பூட்டைப் போட்டது. டோக்கியோவில் இருந்தவர்களோ வேறு கணக்குப் பார்த்தார்கள்: தாங்கியில் எண்ணெய் நாளுக்கு நாள் குறைகிறது, அடிப்பதென்றால் இருக்கும்போதே அடிக்க வேண்டும். டிசம்பரில் பேர்ள் துறைமுகம், பெப்ரவரி 15 சிங்கப்பூர், ஏப்ரல் 5 கொழும்பு, 9 திருகோணமலை. அன்றைக்கு அந்தத் துறைமுகத்தை விட்டு விலகி ஓடிய கப்பல்தான் நம் கடலில் அகப்பட்டது. எண்ணெய் நின்று ஒன்பது மாதம்கூட ஆகவில்லை.

இதில் யாருக்குப் பைத்தியம்? அப்படித்தான் நானும் பள்ளிக்கூடத்தில் நினைத்தேன், யாரோ ஒரு கெட்டவன் பொத்தானை அமத்த போர் வருகிறது என்று. ஜப்பானியப் படை சீனாவில் செய்த கொடுமையை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் பகை போராக மாறும் இடத்தில் பெரும்பாலும் இருப்பது பயமும் நேரமும். "இப்ப விட்டா பிறகு ஏலாது" என்ற எண்ணம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் கதை முடிந்தது.

1914இல் முதலாம் உலகப் போர் தொடங்கிய கதையை உங்கள் மகள் எப்படியும் படிப்பாள், ஆனாலும் ஒரு துண்டைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகப் பிடித்த துண்டு. ஜூன் 28 சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசர் சுடப்படுகிறார், ஓகஸ்ட் 4 பிரித்தானியாவும் போரில். இடையில் 37 நாள். ரஷ்யச் சக்கரவர்த்தி முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டு, மனம் மாறி நிறுத்தி, அடுத்த நாள் மீண்டும் உத்தரவிட்டார். ரஷ்யா திரட்டி முடிக்கும் முன் பிரான்ஸை முடிக்க வேண்டும் என்பது ஜேர்மனியின் திட்டம். அத்தனை படையும் ரயிலில், நிமிடக் கணக்கு நேர அட்டவணையில். ஓகஸ்ட் 1 அன்று ஜேர்மன் கைசர் தளபதி மோல்ட்கேயிடம், மேற்கே போகும் படையைக் கிழக்கே திருப்பு என்கிறார். ஏலாது என்கிறார் தளபதி. நம் உதயதேவியை கல்ஓயா சந்தியில் மறித்து, மட்டக்களப்புக்கு வேண்டாம், திருகோணமலைக்கு விடு என்றால் ஸ்டேசன் மாஸ்டர் என்ன சொல்வார்? அது ஒரு கோச்சி. அங்கே ஆயிரக்கணக்கில். இதில் வேடிக்கை, திருப்பியிருக்கலாம் என்று அந்த ரயில் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவரே பிற்காலத்தில் எழுதினார். (நம் ஊரில் கெட்டிக்காரனை "அவன் எம்டன்" என்கிறோமே, அதுவும் அந்தப் போரில் சென்னையைச் சுட்ட ஜேர்மன் கப்பலின் பெயர்தான்.)

சரி, வேலைக்கு வருவோம். இந்தப் படிப்பின் உள்ளடக்கம் இதுதான்: அடுத்த ஆள் எதற்குப் பயப்படுகிறான் என்று வாசிக்கப் பழகுவது. 1962இல் கியூபா ஏவுகணை நெருக்கடி உலகை விளிம்புவரை கொண்டுபோனது. அடுத்த ஆண்டே வொஷிங்டனுக்கும் மொஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றை அமைத்தார்கள். குரல் இல்லை, எழுத்து. அவசரத்தில் வாயால் பேசினால் பிழையாக விளங்கும் என்பதால். அந்த இரண்டு முனையிலும் மொழி தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

அதனால் மகளுக்கு நான் சொல்வது பாடத்தைவிட மொழியைப் பற்றித்தான். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளுக்கு என்றே ஒரு துறை உண்டு. அங்கே போக நினைக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசித்து, ஒரு பக்கம் எழுத இன்றையிலிருந்தே பழக வேண்டும். ரியூசன் மட்டும் காணாது. சிங்களமும் வேண்டும், பேச மட்டுமல்ல, கடிதம் எழுத. கொழும்பு கிடைக்காவிட்டால் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, வீட்டுக்குக் கிட்ட, அது தோல்வி இல்லை. 

பொய் சொல்ல மாட்டேன். வெளிநாட்டுச் சேவைப் போட்டிப் பரீட்சையில் எடுப்பது ஒரு கைப்பிடி பேரைத்தான். அதை மட்டும் நம்பிப் படிக்கக் கூடாது. அதே படிப்போடு நிர்வாக சேவைப் பரீட்சை எழுதலாம், ஆசிரியராகலாம், மொழிபெயர்ப்புக்குப் போகலாம், மனிதாபிமான நிறுவனங்களில் சேரலாம். கப்பல், காப்புறுதி நிறுவனங்களையும் மறக்க வேண்டாம். 2023 முடிவில் யேமனின் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், எந்த வழியால் போவது, போர் அபாயத்துக்கு எவ்வளவு காப்புறுதி என்று கணக்குப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. வர்த்தகம் படித்தால்தான் காசு என்ற உங்கள் கவலைக்கு இது ஓரளவு பதில். பத்து வருடத்துக்கு முன் ஒரு பையனுக்கு கலைப்பிரிவில் எதிர்காலம் இல்லை என்று நானே அடித்துச் சொன்னேன். அவன் கேட்கவில்லை, இன்றைக்கு என்னைவிடக் கூடச் சம்பளம் எடுக்கிறான். கண்டால் சிரிக்கிறான், நானும் சிரிக்கிறேன்.

கடைசியாக, மகள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் நீங்கள் மெதுவாகக் கேட்டதற்கு: அவரைக் கட்டாரிலிருந்து வரச் சொல்லவா என்று. அதை நான் முடிவெடுக்க ஏலாது, கடன் உங்களுடையது, வீட்டு வேலை பாதியில் நிற்கிறது. ஒன்று மட்டும் செய்யுங்கள். 1990இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே வேலை செய்த நம் நாட்டவர் உடுத்த துணியோடு ஓடி வந்தார்கள். பிறகு ஐக்கிய நாடுகளின் இழப்பீட்டு ஆணைக்குழு மூலம் பலருக்குப் பணம் கிடைத்தது, அதற்கும் கடதாசி காட்ட வேண்டியிருந்தது. கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், வதிவிட அட்டை, சம்பளச் சீட்டு, வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு எல்லாவற்றையும் படம் எடுத்து அவர் அனுப்பட்டும். பணியகப் பதிவின் காலம் முடிந்திருந்தால் புதுப்பிக்கச் சொல்லுங்கள், சந்தேகம் என்றால் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். தோஹாவில் உள்ள நம் தூதரகத்தின் இலக்கம் அவருடைய போனில் மட்டுமல்ல, ஒரு துண்டில் எழுதி பேர்சிலும் இருக்கட்டும். இந்தக் கோப்பை மகளிடம் ஒப்படையுங்கள், சந்தோசமாகச் செய்வாள்.

வரும்போது சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளைக் கொண்டு வாருங்கள், ஆங்கிலத்துக்கு என்ன கிடைத்தது என்று அன்றைக்குப் பார்க்க மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வேண்டாம், நான் வாழைச்சேனையில் நிற்பேன்.